"ஓம் சேர்" என்ற பதிலும் "மறுகா" என்ற கேள்வியும்

பெரியகல்லாற்றில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த என் பெரியம்மாவின் கண்முன்னே ஒரு விபத்து நடந்தது. மட்டக்களப்பு – கல்முனை வீதி, காலை நேரம், ஒரு லொறியும் ஒரு மோட்டார் சைக்கிளும். மோட்டார் சைக்கிளில் வந்த பையனுக்குக் கால் முறிந்தது, உயிர் தப்பிவிட்டான். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவர் பெரியம்மா என்பதால் அன்று மத்தியானமே வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். நானும் துணைக்குப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். கதிரையை இழுத்துப் போட்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஆனால் கேள்விகள் இப்படித்தான் வந்தன.

"லொறி வேகமாத்தானே வந்தது?"

"ஓம் சேர்."

"பொடியன் ஹெல்மெட் போட்டிருந்தானா?"

"ஓம் சேர். போட்டிருந்தான் போல."

"லொறி என்ன நிறம், நீலமா?"

"ஓம் சேர்."

இடையில் பெரியம்மா தானாக ஒரு வசனத்தைத் தொடங்கினால், "கொஞ்சம் பொறுங்க அம்மா, எழுதிட்டு வாறன்" என்று கையை உயர்த்துவார். எழுதி முடித்து அவர் நிமிரும்போது பெரியம்மா எதைச் சொல்ல வந்தார் என்பது அவருக்கே மறந்திருக்கும். அடுத்த கேள்வி. இருபது நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம், அடியில் கையெழுத்து, அவ்வளவுதான்.

மறுநாள் காலை வீட்டு வாசலால் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரியம்மா கையை நிறுத்தினார். "நேத்து அந்த இடத்தில பாண் ஓட்டோ ஒண்டு நிண்டது" என்றார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா தலையை நிமிர்த்தாமல், "மறுகா?" என்றார். மறுகா என்பது மட்டக்களப்பார் பேச்சில் "பிறகு" என்பதற்கான சொல். "ஒரு சின்னப் புள்ள காசை நீட்டிக்கொண்டு நிண்டது." மறுகா? "ஓட்டோக்காரன் பின்னால பாக்காம வெளிக்கிட்டான். பொடியன் அதுக்கு ஒதுங்கித்தான் நடுரோட்டுக்கு வந்தவன்." மறுகா? "லொறிக்காரன் ஹோன் அடிச்சவன், ரெண்டு தரம்." கால் மணி நேரத்தில் அந்த விபத்தின் முழுக் காரணமும் வெளியே வந்துவிட்டது. வாக்குமூலத்தில் அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த நீல நிறம் எப்படி வந்தது என்று கேட்டேன். "எனக்கு லொறிட நிறம் தெரியா புள்ள. அவர் நீலமா எண்டு கேட்டார், நான் ஓம் எண்டன்."

இரண்டு நாளும் ஒரே பெரியம்மாதான், ஒரே கண்தான். கேட்ட விதம்தான் மாறியது. இந்த ஒரு விஷயத்தை உலகம் நாற்பது வருடங்களாக ஆராய்ந்து ஒரு முறையாகவே வகுத்து வைத்திருக்கிறது. சாட்சி சொல்லியே வாழ்க்கை கழிந்த மனிதர்கள் நிறைந்த எங்கள் கரையோரத்தில் அது இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

நினைவு என்றால் மண்டைக்குள் ஒரு கமரா எடுத்து வைத்த வீடியோ, பொத்தானை அமத்தினால் ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது அப்படி இயங்குவதில்லை என்பதை கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932 இலேயே காட்டிவிட்டார். பரிச்சயமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையை ஆட்களுக்குக் கொடுத்து, நாட்கள் கழித்துத் திரும்பச் சொல்ல வைத்தார். அவர்கள் புரியாத இடங்களைத் தங்களுக்குத் தெரிந்த விஷயங்களால் நிரப்பிச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, நினைவே அப்படித்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. கட்டும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தால் அதுவும் சுவருக்குள் போய்விடும். நீல லொறி அப்படிப் போன ஒரு கல்.

அடுத்த உண்மை இன்னும் பயனுள்ளது. 1973 இல் என்டல் டல்விங், டொனால்ட் தொம்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒன்றைச் சொன்னார்கள்: ஒரு விஷயம் மனதில் பதியும்போது அதோடு சேர்ந்து என்னவெல்லாம் பதிந்ததோ, அவைதான் பிறகு அதைத் திறக்கும் சாவிகள். இரண்டு வருடம் கழித்து ஸ்கொட்லாந்தில் சுழியோடிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. தண்ணீருக்கு அடியில் படித்த சொற்கள் தண்ணீருக்கு அடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன. கரையில் படித்தவை கரையில்.

இதற்கு ஸ்கொட்லாந்து வரைக்கும் போகத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவியார் ஒருவரை வாசலில் மறித்து, "ஐயா, அரசன் வரவுப் பாட்டில மூன்றாவது அடி என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார். மத்தளத்தை எடுத்து அந்த வரவுத் தாளத்தைத் தட்டினால் போதும், கால் தானாக எழும்பும், மூன்றாவது அடி என்ன, முழுப் பாட்டும் கொட்டும். மறந்துபோனது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இப்படித் தாளத்துக்காகக் காத்திருப்பதுதான். பெரியம்மாவுக்கு அந்தத் தாளம் பாண் ஓட்டோவின் பாட்டு.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எட்வர்ட் கீசல்மன், ரொனால்ட் பிஷர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களின் நடுப்பகுதியில் சாட்சிகளை விசாரிக்கும் புதிய முறை ஒன்றை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தில் cognitive interview; தமிழில் அறிகை நேர்காணல் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பொலிஸ் சாட்சிகளை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திக்கூட விசாரித்துக்கொண்டிருந்தது. 1985 இல் வெளியான அவர்களுடைய சோதனையில் மாணவர்களுக்குக் குற்றச் சம்பவப் படங்களைக் காட்டி, இரண்டு நாள் கழித்து அனுபவமுள்ள அதிகாரிகளைக் கொண்டே விசாரிக்க வைத்தார்கள். வழக்கமான விசாரணையில் சராசரியாக 29 சரியான விவரங்கள் வந்தன. ஹிப்னாடிசத்தில் 38. அறிகை நேர்காணலில் 41. மயக்கமும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், கேட்கும் முறையை மாற்றினால் போதும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அப்புறம் அவர்கள் புளோரிடாவில் பொலிஸார் உண்மையாகவே நடத்திய விசாரணைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சி முழுவதிலும் மனதில் தைத்த எண் இதில்தான் இருக்கிறது. "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, சாட்சி வாய் திறந்து சராசரியாக ஏழரை விநாடியில் அதிகாரி குறுக்கே பேசுகிறார். ஏழரை விநாடி! ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூடக் காணாது. ஒரு விசாரணையில் விரிவாகப் பேச விடும் கேள்வி மூன்றுதான்; ஒற்றை வரியில் பதில் சொல்லும் கேள்வி இருபத்தாறு. பெரியம்மாவின் மேசையில் நான் பார்த்தது புளோரிடாவிலும் அச்சு அசலாக நடந்திருக்கிறது. ஆக இது நம் நாட்டுப் பொலிஸுக்கு மட்டும் உரிய குறை இல்லை. எழுத வேண்டிய படிவம் முன்னால் இருந்தால், மனிதன் அந்தப் படிவத்தின் வரிசையில்தான் கேட்பான். சாட்சியின் மனதில் இருக்கும் வரிசை வேறு.

1989 இல் மியாமியின் கொள்ளைத் தடுப்புப் பிரிவுத் துப்பறிவாளர்கள் சிலருக்கு இந்த முறையைப் பழக்கினார்கள். பழகியபின் உண்மையான சாட்சிகளிடமிருந்து அவர்கள் முன்பு எடுத்ததைவிட 47 வீதம் அதிகமான தகவல்களை எடுத்தார்கள். பழகாத சக அதிகாரிகளோடு ஒப்பிட்டால் 63 வீதம் அதிகம். ஆய்வுகூடத்துக்கு வெளியே, தெருவில், கத்தியையும் துவக்கையும் கண்ட மனிதர்களிடம் எடுத்த கணக்கு இது.

சரி, என்னதான் செய்கிறார்கள்?

முதல் வேலை, கேட்பவர் தன் கையில் இருக்கும் அதிகாரத்தைச் சாட்சியின் கையில் கொடுப்பது. "நான் அந்த இடத்தில் இருக்கவில்லை. நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் பேச வேண்டியவர் நீங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். நான் பிழையாகச் சொன்னால் திருத்துங்கள்." சொல்ல ஐந்து வசனம்தான். ஆனால் எங்கள் ஊரில் இதன் பெறுமதி மிகப் பெரியது. காக்கிச் சட்டைக்கு முன்னால் "தெரியாது" என்று சொல்வதே மரியாதைக் குறைவு என்று நினைக்கும் தலைமுறை இது. சேர் கேட்டால் சேருக்கு ஏதோ தெரிந்துதான் கேட்கிறார் என்று நம்பி "ஓம்" சொல்கிறார்கள். அந்த "ஓம்" பல நேரம் "நீங்கள் சொல்வது கேட்கிறது" என்ற அர்த்தத்தில்தான் வருகிறது. எழுதும்போது மட்டும் அது "ஆம், நான் கண்டேன்" என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது, சாட்சியை அந்த இடத்துக்கு மனதால் திருப்பிக் கூட்டிப்போவது. இதைத்தான் நான் இந்த முறையின் இதயம் என்று சொல்வேன். கேள்வி உடனே சம்பவத்துக்குப் போவதில்லை. அன்று காலை வீட்டிலிருந்து வெளிக்கிட்டதிலிருந்து தொடங்குகிறது. எங்கே நின்றீர்கள், வெயில் எந்தப் பக்கமிருந்து அடித்தது, காதில் என்னென்ன விழுந்தது, என்ன மணத்தது, கையில் என்ன வைத்திருந்தீர்கள், மனதில் என்ன யோசனை ஓடியது. ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி விடவேண்டும். பதிலுக்காக அவசரப்படாத இடைவெளி. கண்ணை மூடிக்கொள்ள விரும்பினால் மூடிக்கொள்ளலாம், அல்லது நிலத்தைப் பார்க்கலாம். கண்ணை மூடினால் நினைவு கூடுகிறது என்பதைத் தனியாகவே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முன்னால் இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிப்பது மூளைக்கு இரட்டை வேலை. பொலிஸ் நிலையத்து மேசை, தொலைபேசிச் சத்தம், வந்து போகும் ஆட்கள், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் பெரியம்மாவுக்குப் பாண் ஓட்டோ எப்படி வரும்?

இந்த இடத்தில் ஊர் அறிவு மிகவும் உதவும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீண்ட கீற்றாகக் கிடக்கும் மண் இது. இங்கே பலர் திசையை இடம் வலம் என்று வைத்துக்கொள்வதில்லை. கடல் பக்கம், ஆத்துப் பக்கம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று இடங்களின் பெயரிலேயே சூரியன் இருக்கிறது. "வண்டி இடது பக்கமாக வந்ததா, வலது பக்கமாக வந்ததா" என்று கேட்டால் சாட்சி தன் கையைப் பார்ப்பார், குழம்புவார். "எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்று விட்டால் அவரே, "ஆத்துப் பக்கத்து ஒழுங்கையால" என்பார். நேரமும் அப்படித்தான். எத்தனை மணி என்றால் ஊகம் வரும். அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், பள்ளிக்கூடம் விட்டது, லுஹர் பாங்கு சொன்னது, கோயிலில் பூசை மணி அடித்தது என்று கையில் பிடிக்கக்கூடிய விஷயம் வரும். பாங்கு சொன்ன நேரத்தைப் பிறகு சரிபார்க்கலாம்; ஊகத்தை எதை வைத்துச் சரிபார்ப்பது?

மூன்றாவது, எல்லாவற்றையும் சொல்லச் சொல்வது. சின்னது, பெரியது, தேவையில்லாதது, பாதி மறந்தது, எல்லாமே. "இது முக்கியமா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாண் வாங்க நின்ற பிள்ளை விபத்துக்குச் சம்பந்தமில்லாதவள் என்று பெரியம்மா நினைத்தார். அந்தப் பிள்ளையைச் சொன்னபிறகுதான் ஓட்டோ வெளிக்கிட்டது நினைவுக்கு வந்தது. ஒரு அற்ப விவரம் அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது.

முழுக் கதையும் ஒரு தடவை தடையின்றி வந்த பிறகுதான் கேள்விகள். அந்தக் கேள்விகளும் சாட்சி அந்த நேரம் மனதில் எந்தக் காட்சியில் நிற்கிறாரோ அதைப் பற்றியே இருக்க வேண்டும். ஓட்டோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவரிடம் திடீரென்று லொறிச் சாரதியின் சட்டையைப் பற்றிக் கேட்டால் இரண்டு காட்சியும் கலைந்துபோகும். இலக்கத் தகடு போன்றவற்றுக்குத் தனி வழி இருக்கிறது. எண் வராவிட்டால் அதைப் பற்றிய வேறு எதையாவது கேட்கலாம்: எழுத்துகள் எத்தனை, உங்களுக்குத் தெரிந்த யாருடைய வண்டியையாவது நினைவூட்டியதா. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது, பெயர் வரவில்லை என்றால், அது நீளமான பெயரா குறுகிய பெயரா, எந்த எழுத்தில் தொடங்கியது போல் இருந்தது. ஒரு பேனையும் தாளும் கொடுத்து இடத்தைக் கீறச் சொல்வதும் நல்ல பலன் தருகிறது. பெரியம்மா படிப்பறிவு குறைந்தவர். ஆனால் ஒரு கொப்பித் தாளில் பஸ் தரிப்பிடத்தையும் ஒழுங்கையையும் மதிலோடு நின்ற வேப்பமரத்தையும் அச்சொட்டாகக் கீறிக் காட்டினார்.

கீசல்மனும் பிஷரும் வேறு இரண்டு உத்திகளையும் சொன்னார்கள்: நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்ல வைப்பது, வேறொருவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வைப்பது. முதலாவது சில நேரம் உதவுகிறது. முன்னிருந்து சொல்லும்போது "இப்படித்தான் நடந்திருக்கும்" என்று நாம் பழக்கத்தில் நிரப்பிவிடும் இடங்கள் பின்னிருந்து வரும்போது தடுக்குப்படும். இரண்டாவதை நான் விரும்பவில்லை. வேறொருவரின் கண்ணால் பார்க்கச் சொல்வது ஊகத்துக்குக் கதவைத் திறந்துவிடும். சிறுபிள்ளைகளிடம் அதைப் பாவிக்கவே கூடாது. பொலிஸாரும் நடைமுறையில் அதை அரிதாகவே பாவிக்கிறார்கள்.

கேள்விச் சொல்லின் விஷத்தைப் பற்றி ஒருவர் பெயரைச் சொல்லாமல் போக முடியாது: அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லொஃப்டஸ். 1974 இல் அவரும் ஜோன் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம், கார்கள் ஒன்றோடொன்று நொறுங்க மோதியபோது என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம், தொட்டுக்கொண்டபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். பார்த்த படங்கள் ஒன்றுதான். நொறுங்க என்று கேட்டவர்களின் சராசரிப் பதில் மணிக்கு 40.8 மைல். தொட்டுக்கொண்ட என்று கேட்டவர்களின் பதில் 31.8 மைல். அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "நொறுங்க" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றார்கள். சாதாரணமாக "மோதிய" என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர்தான்.

தமிழில் இந்த வலை இன்னும் நுணுக்கமாக விரிகிறது. தட்டினது, இடிச்சது, அடிச்சது, அடிச்சுத் தூக்கினது. நாலும் விபத்துக்குச் சொல்லும் சொற்கள்தான். நாலும் நாலு வேகம். "தானே" என்ற ஒரு விகுதியை மட்டும் கவனியுங்கள். "வெள்ளை வேன்தானே?" என்பது கேள்வி உடுப்புப் போட்டு வந்த பதில். நீதிமன்றத்தில் இது எல்லாருக்கும் தெரியும். நமது 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், சாட்சியை அழைத்தவரே முதல் விசாரணை செய்யும்போது, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், பதிலை உள்ளே வைத்த கேள்விகளைக் கேட்கத் தடை போடுகிறது. ஆனால் நினைவு கெட்டுப்போவது நீதிமன்றத்தில் இல்லை. அதற்கு மாதக்கணக்கில் முன்னால், முதல் மேசையிலேயே கெட்டுவிடுகிறது.

இதற்கு எதிரான மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. "வந்தான்" என்பதற்கும் "வந்தானாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஒன்று நான் கண்டது, மற்றது கேள்விப்பட்டது. சாதாரணமாகப் பேச விட்டால் நம் சாட்சிகள் இதை ஒரு நாளும் குழப்புவதில்லை. எழுதுபவர் கதையைத் தன் நடையில் சுருக்கி "வந்தான்" என்று எழுதும் கணத்தில் கேள்விப்பட்டது கண்டதாக மாறுகிறது. பிறகு குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சி பொய்யராகிறார். ஒரு "ஆம்" விகுதிக்காக ஒரு வழக்கே சரியலாம்; அதனால் சாட்சியின் சொல்லைச் சாட்சியின் சொல்லாகவே எழுதுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

கேள்விப்பட்டது கலப்பதற்கு அதிகாரிகள்தான் தேவை என்றில்லை. நாமே போதும். விபத்து நடந்த அடுத்த நிமிடம் ஓட்டோ தரிப்பிடத்தில் பத்துப் பேர் கூடுகிறோம், தேத்தண்ணிக் கடையில் கதை முழுமை பெறுகிறது, பின்னேரத்துக்குள் போனில் வீடியோ வந்துவிடுகிறது. 2003 இல் உளவியலாளர் பியோனா கபர்ட்டும் சகாக்களும் ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணத்தில் காட்டும் படங்களை இரண்டிரண்டு பேருக்குக் காட்டி, பிறகு அவர்களைப் பேச விட்டார்கள். பேசியவர்களில் 71 வீதமானோர் தாங்கள் காணவே முடியாத ஒரு விஷயத்தையாவது கண்டதாகச் சொன்னார்கள். இதனால்தான் கபர்ட் உள்ளிட்ட சிலர் சாட்சி தானே வீட்டிலிருந்து எழுதி நிரப்பும் நேர்காணல் ஒன்றையும் வடிவமைத்தார்கள். நினைவு ஈரமாக இருக்கும்போதே, மற்றவர்களோடு கதைப்பதற்கு முன், படமும் கீறி எழுதி வைத்துவிடும் முறை. ஒரு கொப்பி இருந்தால் அதை இங்கே யாரும் செய்யலாம்.

எங்கள் மாவட்டங்களில் சாட்சி என்பது வீதி விபத்தோடு முடிவதில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 5 ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அந்தக் குடும்பங்களும் அவர்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களும் பொலிஸுக்குச் சொன்னார்கள், ஆணைக்குழு ஒன்றுக்குச் சொன்னார்கள், அடுத்த ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள். 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு மட்டக்களப்பில் அமர்ந்தது. 2014 இல் காணாமல் போனோர் பற்றிய ஆணைக்குழு வந்தது. பிறகு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு வரிசை. முப்பது வருடத்தில் ஒரு தாய் ஒரே கதையைப் பத்துத் தடவை துண்டு துண்டாகச் சொன்னால், கடைசியில் அவருக்கு நினைவிருப்பது கதையா, தான் முன்பு சொன்ன பதில்களா என்று பிரிக்கவே முடியாது.

உறுதியாகச் சொல்கிறாரே, அப்போது சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பதும் ஆபத்து. 1986 இல் சலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டபோது, நாலில் ஒருவருக்கு முழுவதுமே பிழைத்தது. பிழைத்தவர்களில் பலர் நூறு வீதம் நிச்சயம் என்று நம்பினார்கள். கல்லடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் 2004 டிசெம்பர் 26 காலை எங்கே நின்றேன் என்று சொல்லத் தெரியாத ஆள் இல்லை. போயா ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள். அந்தக் காலையின் அடிப்படை யாருக்கும் மறக்காது. ஆனால் இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி இறுகிப்போன கதையின் ஒவ்வொரு விவரமும் அன்று பதிந்ததுதானா என்பது வேறு கேள்வி. அதைச் சந்தேகமாகக் கேட்கக்கூடாது, பொறுமையாகக் கேட்க வேண்டும். துயரத்தின் நடுவில் நிற்பவரை "கண்ணை மூடி அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்" என்று சொல்வதற்கு முன் பலமுறை யோசிக்கவும் வேண்டும். சிலருக்கு அது சாவி. சிலருக்கு அது அந்தக் காலையை மறுபடி அனுபவிப்பது. எந்த நேரமும் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மொழி இதையெல்லாம் இன்னும் சிக்கலாக்குகிறது. தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, நீதிமன்றத்தில் திரும்பத் தமிழுக்கு வரும்போது "தட்டினது" எப்படி வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழ் பேசும் அதிகாரிகள் இருக்க வேண்டும் என்று நல்லிணக்க ஆணைக்குழு 2011 இலேயே பரிந்துரைத்தது. சட்டமும் சாட்சியின் பக்கம்தான் நிற்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110 ஆம் பிரிவின்படி, வாக்குமூலம் முழுமையாக எழுதப்பட வேண்டும், அதைச் சாட்சிக்குக் காட்டவோ வாசித்துக் காட்டவோ வேண்டும். எழுதிய மொழி புரியாவிட்டால் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது விளக்கவோ மேலதிகமாகச் சேர்க்கவோ சாட்சிக்கு உரிமை உண்டு. இந்தக் கடைசி வரி தெரியாமல்தான் நம்மில் பலர் கையெழுத்து வைக்கிறோம்.

பிள்ளைகள் விஷயத்தில் நம் நாடு ஒரு படி முன்னேயே போயிருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம், சிறுபிள்ளையிடம் எடுக்கும் முதல் நேர்காணலை வீடியோவாகப் பதிந்து சாட்சியமாக முன்வைக்க இடம் கொடுத்தது. பிள்ளை கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதும் அதே வீடியோவில் இருக்கும். பெரியவர்களின் வாக்குமூலத்தையும் குறைந்தபட்சம் ஒலிப்பதிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் நம்புகிறேன். அதிகாரி எழுதுவதற்காகச் சாட்சியை நிறுத்தவே வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும், பிழையான தண்டனைகள் அம்பலமான பிறகு, 1990களின் தொடக்கத்திலேயே பொலிஸ் பயிற்சியை முழுதாக மாற்றி, அறிகை நேர்காணலையும் அதில் சேர்த்தார்கள்.

இந்த முறையிலும் குறை உண்டு. நேரம் எடுக்கும், கூட்டம் நிற்கும் நிலையத்தில் ஒரு மணி நேரம் ஒருவரோடு இருப்பது லேசான காரியமில்லை. சரியான விவரங்கள் அதிகம் வரும்போது பிழையானவையும் கொஞ்சம் கூடுகின்றன, ஆனால் மொத்தத்தில் சரிக்கும் பிழைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஒத்துழைக்க விரும்பும் சாட்சிக்குத்தான் இது. மறைக்க நினைப்பவரிடம் எடுபடாது. காணாததை இது காணச் செய்வதுமில்லை. துவக்கை நீட்டியவனின் துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவனுடைய முகம் பதிந்திருக்காவிட்டால், எந்தக் கேள்வியாலும் அந்த முகத்தை எடுக்க முடியாது.

பெரியம்மா இரண்டாம் முறை பொலிஸுக்குப் போனபோது அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "நேத்து ஏன் இதைச் சொல்லல்லை?" என்பதுதான். பலரும் இந்த இடத்தில் பயந்து திரும்பிவிடுவார்கள். பிந்தி வந்த நினைவு புனைந்த நினைவு என்று சட்டத்தரணிகளும் வாதிடுவார்கள். ஆனால் முதல் தடவை வராதது இரண்டாம் தடவை வருவது நினைவின் இயல்பு. யாரும் ஊட்டாமல், தானாக வந்த விவரங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன என்றுதான் ஆய்வுகளும் காட்டுகின்றன. பெரியம்மா, "நேத்து நீங்க கேட்டதுக்குத்தான் சேர் பதில் சொன்னன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அங்கே நின்ற இளம் கொஸ்தாப்பல் ஒருவர், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பேச்சு, கதிரையை மேசைக்கு இந்தப் பக்கமாகக் கொண்டுவந்து போட்டார். பெரியம்மா கீறிய கொப்பித் தாளை வாங்கி மடியில் விரித்துக்கொண்டார். பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். "நீங்க சொல்லுங்க பெரியம்மா, நான் பிறகு எழுதுறன்" என்றார். பெரியம்மா வீட்டுப் படலையைத் திறந்ததிலிருந்து தொடங்கினார். அவர் நடுவில் நிறுத்தி யோசித்தபோதெல்லாம் கொஸ்தாப்பலும் சும்மா இருந்தார். பிறகு எழுதி, முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினார். லொறியின் நிறம் வந்த இடத்தில் பெரியம்மா கையை உயர்த்தி, "அது எனக்குத் தெரியா மகன், வெட்டிவிடுங்க" என்றார். அவர் வெட்டிவிட்டு, ஓரத்தில் பெரியம்மாவின் கையெழுத்தை வாங்கினார். மூன்றே முக்கால் பக்கம் வந்திருந்தது.